ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். "நன்றாகத்தான் தெரிகிறதே" என்று பாதியில் நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெண் மாற்றலாகிப் போய்விட்டாள். நான் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

பதில் போடத் தாமதமானதற்கு நீ கடைசிப் பக்கத்தில் கேட்ட கேள்விதான் காரணம். உங்கள் குழு இந்த வருஷம் ஒரு பேய்க்கதையை மேடையேற்றப் போகிறது என்று எழுதியிருந்தாய். சினிமாவில் இத்தனை பேயைப் பார்த்துப் பழகியவர்கள் மேடையில் பார்த்துப் பயப்படுவார்களா, சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதே சந்தேகம். சும்மா தைரியம் சொல்லி எழுத மனசு வரவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன சனிக்கிழமை ஒரு நாடகம் பார்த்தேன். இப்போது சொல்கிறேன், பயப்படுவார்கள். நான் பயந்தேன். இன்னும் அது முழுசாக விடவில்லை.

சின்ன அரங்கு, நூறு பேர் உட்காரலாம். நான் கடைசிக்கு முந்தைய வரிசையில் இருந்தேன். எனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கை காலி. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

செட் என்று பார்த்தால் ஒரு சுவர், ஒரு கதவு, மேஜை, நாற்காலி, ஒரு விளக்கு. சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கறுப்பு மழைக்கோட்டு. செத்துப்போன அக்காவின் வீட்டை விற்பதற்காகத் தம்பி வருகிறான். சாமான்களை ஒழிக்க ஒரு ராத்திரி அங்கே தங்குகிறான். வீட்டுத் தரகர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகிறார். கதை அவ்வளவுதான். பேச்சின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விஷயம் வெளியே வருகிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரியில் அக்கா இவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஏதோ சண்டை, இவன் திறக்கவில்லை.

அந்தக் கோட்டை அவன் முதல் பாதியிலேயே கையில் எடுக்கிறான். பாக்கெட்டில் கையை விட்டு ஒரு சாவியை எடுக்கிறான், கோட்டை உதறுகிறான், திரும்ப ஆணியில் மாட்டுகிறான். அது வெறும் கோட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று நூறு பேரும் கண்ணால் பார்த்தாயிற்று. அப்புறம் அதை மறந்தும் போயாயிற்று.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடியும் எரிகிறது. அவன் மேஜையில் உட்கார்ந்து அக்காவின் பழைய கடிதங்களைப் படிக்கிறான். எதுவுமே நடக்கவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கலாம், எனக்கு அரை மணி நேரம் போல இருந்தது. காகிதம் திருப்புகிற சத்தம் மட்டும்தான். அப்போது "டொக்" என்று இன்னொரு சின்னச் சத்தம். எங்கிருந்து என்று தெரியவில்லை. மறுபடியும் "டொக்". கோட்டின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேடைப் பலகையில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளிம்பில் அடுத்த சொட்டு திரண்டு, கனத்து, நீண்டு, விழுந்தது. மேஜையில் இருந்தவன் அதைக் கவனிக்கவில்லை. அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் கோட்டின் கை நுனியில் மெதுவாக நான்கு விரல்கள் தெரிந்தன.

யாரும் அலறவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு பெண் காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டாள். யாரோ "ஐயோ" என்று மூச்சுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. என் முதுகில், சரியாக அந்தக் காலி இருக்கை இருக்கிற பக்கம், சில்லென்று ஆனது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இந்த வயதில், நூறு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு!

எப்படிச் செய்தார்கள் என்பது ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது பிடிபட்டது. விளக்கு அணைவதற்கு முன்னால் மேஜை விளக்கைத் தூக்கி ஒரு விநாடி எங்கள் முகத்துக்கு நேரே காட்டினான். கண் கூசிய உடனே முழு இருட்டு. பிரகாசத்தைப் பார்த்த கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அந்த நாலைந்து விநாடியில் மேடையில் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. சின்ன உடம்புக்காரி ஒருத்தி ஆணிக்குக் கீழே வந்து, அதே மாதிரி நனைந்த கோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கல்லூரி நாடகத்துக்கெல்லாம் லைட் போட்டவள் நீ, உனக்கு இது ஒரு வரியில் புரிந்துவிடும். தந்திரம் புரிந்த பிறகும் என் பயம் குறையவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

சினிமாவில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேமரா சொல்லிவிடுகிறது. கோட்டைக் காட்ட வேண்டுமென்றால் கோட்டை மட்டும் பெரிதாகக் காட்டுவார்கள், இசையும் சேர்ந்துகொள்ளும், நாமும் தயாராகிவிடுவோம். மேடையில் எல்லாமே எப்போதும் கண் முன்னால் இருக்கிறது. அந்தச் சொட்டை நானாகத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு முன்பே பார்த்திருக்கலாம், பின்னாலும் பார்த்திருக்கலாம். அதோடு, அந்த விரல்கள் இருந்த அறைக்குள்தான் நானும் இருந்தேன், ஒரே காற்றைத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நாடகத்தில் எனக்குப் பிடிக்காத ஓர் இடமும் உண்டு. முதல் பாதியில் திடீரென்று ஸ்பீக்கரில் காதைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். எல்லோரும் துள்ளினோம், உடனே சிரித்தோம். அது யார் பின்னால் வந்து தட்டினாலும் வருகிற திடுக்கிடல்தானே? நீ பயப்படுகிற சிரிப்பு அங்கேதான் வந்தது. விரல்கள் தெரிந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தயவுசெய்து அந்த ஸ்பீக்கர் வேலையெல்லாம் வேண்டாம்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். லண்டனில் 1862 டிசம்பர் 24 அன்று ஜான் ஹென்றி பெப்பர் என்பவர், சார்லஸ் டிக்கன்ஸின் கதை ஒன்றின் காட்சியில், மேடையில் நிழல் போல ஓர் ஆவியை வரவழைத்துக் காட்டினார். மூல யோசனை ஹென்றி டெர்க்ஸ் என்ற பொறியாளருடையது. மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவில் பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்திவிடுவார்கள். கீழே பள்ளத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், பேயாக நடிப்பவர்மேல் பலமாக வெளிச்சம் அடிப்பார்கள். அவருடைய பிம்பம் மேடையில் நிற்பது போலத் தெரியும். என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு விவரம். மேடையில் இருக்கிற நடிகருக்கு அந்தப் பேய் தெரியாது! வெறும் இடத்தைப் பார்த்துத்தான் அவர் நடுங்க வேண்டும். அவர் பார்வை ஒரு முழம் தவறினால் பேய் வெறும் கண்ணாடிப் படமாகிவிடும்.

இன்னொன்று, இருட்டு. பயத்துக்கு இருட்டு கட்டாயம் என்று நாம் நினைக்கிறோம். கிரேக்க நாடக ஆசிரியர் எஸ்கிலஸ், பொது ஆண்டுக்கு முன் 458-இல், கொலையுண்ட ஒரு தாயின் ஆவியை மேடைக்கு அழைத்து வந்தது திறந்த வெளி அரங்கில், பட்டப்பகலில். மகனே கொன்ற தாய் அவள். தூங்கிக்கொண்டிருக்கும் பழிதேவதைகளை எழுப்பி, என்னை மறந்துவிட்டீர்களா என்று திட்டுகிறாள். ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கிலும் பிற்பகல் வெளிச்சத்தில்தான் நாடகம். "ஹாம்லெட்" எப்படி ஆரம்பிக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? "யார் அங்கே?" என்பதுதான் முதல் வசனம். காவலில் நிற்பவன் கேட்க வேண்டிய கேள்வி அது. காவல் மாற்ற வருகிறவன் கேட்டுவிடுகிறான். வெயிலில் நிற்கிற கூட்டத்துக்கு அந்த ஒரு வரியில் இருட்டும் வந்துவிடுகிறது, அங்கே எல்லோரும் எதற்கோ பயந்து கிடக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஜப்பானில் 1825-இல் முதலில் மேடையேறிய "யோட்சுயா கைடான்" என்ற கபுகி நாடகத்தில் (கபுகி அவர்களுடைய பழைய மரபு நாடக வகை), புருஷனின் துரோகத்துக்கு ஆளாகி, விஷத்தால் முகம் சிதைந்த ஓயிவா என்ற பெண் கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாருகிறாள். வாரவாரக் கொத்துக் கொத்தாக முடி கையோடு வருகிறது. அவள் அப்போது உயிரோடுதான் இருக்கிறாள், பேயாக வருவது அதற்கு அப்புறம்தான். ஆனாலும் அந்த நாடகம் என்றாலே பலரும் சொல்வது அந்தச் சீப்பைத்தான்.

கையில் காசில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். "தி வுமன் இன் பிளாக்" என்ற பேய் நாடகம் 1987-இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் சின்னச் செலவில் தொடங்கியது. பேசி நடிப்பவர்கள் இரண்டே பேர். ஒரு பிரம்புப் பெட்டிதான் குதிரைவண்டி, அதுவேதான் ரயில். கதையில் வருகிற நாயைக் கடைசி வரைக்கும் யாரும் பார்ப்பதில்லை, நடிகர்கள் தடவிக் கொடுப்பதை வைத்து நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். லண்டனின் ஃபார்ச்சூன் அரங்கில் அது 2023 மார்ச் வரை, 13,232 முறை நடந்திருக்கிறது. நான் பார்த்ததில்லை, படித்ததுதான். ஆனால் இல்லாத நாய்க்காக அத்தனை பேர் பதறியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உன் நாடகத்தின்மேல் நம்பிக்கை வருகிறது.

இப்போது, இந்தக் கடிதத்தில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம். விரல்கள் தெரிந்த பிறகு மேஜையில் இருந்தவன் திரும்பாமலே கேட்கிறான், "ரொம்ப நேரம் நின்றாயா?" என்று. அதட்டவில்லை, கத்தவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டான். எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவிடமிருந்து மூன்று முறை போன் வந்ததும், கோபத்தில் நான் எடுக்காமல் விட்டதும், காலையில் வேறு யாரோ கூப்பிட்டுச் செய்தி சொன்னதும். உன்னிடம் மட்டும்தான் இதை நான் சொல்லியிருக்கிறேன். அரங்கில் இருட்டில் உட்கார்ந்து அழுதேன். பயமும் போகவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தது. வலது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன ராத்திரியோ.

அதனால் சொல்கிறேன், பேயை எங்கே நிறுத்துவது, புகை போடலாமா, பச்சை லைட்டா நீல லைட்டா என்று முதல் ஒத்திகையிலேயே ஆரம்பிக்காதே. உன் கதையில் இருக்கிற ஆள் எந்தக் கதவைத் திறக்காமல் விட்டான் என்பதை முதலில் தீர்மானம் செய். அதை நடிகருக்குச் சொல். அவர் அதைச் சுமந்துகொண்டு மேடையில் நடந்தாரென்றால் ஆணியில் துண்டு தொங்கினாலும் ஜனங்கள் அதையே பார்ப்பார்கள். இரண்டாவது, அவசரப்படாதே. அந்த இரண்டு நிமிஷம் எதுவும் நடக்காமல் விட்டார்களே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! உனக்குக் கை பரபரக்கும், ஏதாவது இசை போடலாமா என்று தோன்றும். போடாதே.

கடைசியில் எல்லோரும் வந்து வணங்கினார்கள். கோட்டுக்குள் நின்ற பெண்ணும் வந்தாள், இருபது வயதுகூட இருக்காது, நெற்றியெல்லாம் வேர்வை, முகம் நிறையச் சிரிப்பு. எழுந்து நின்று கை தட்டினோம். தட்டிக்கொண்டே என் கண் ஆணிக்குப் போயிற்று. கோட்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, காய்ந்துபோய், வெறும் கோட்டாக. அவளைப் பார்ப்பதா அதைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

வெளியே வந்து உடனே உனக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். நேரமாகிவிட்டது, கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள் என்பதால் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து முன்கதவைப் பூட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போய் அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

ஒத்திகை எப்போது ஆரம்பிக்கிறது என்று எழுது. முதல் நாள் நாடகத்துக்கு நான் கண்டிப்பாக வருகிறேன், லீவு சொல்லிவிடுவேன். நடு வரிசையில் ஓர் இடம் வைத்துவிடு. எனக்குப் பின்னால் உனக்குத் தெரிந்தவர் யாரையாவது உட்கார வை, காலியாக விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி