சாஃப்ட் ஸ்கில்ஸ் தாளில் முதலில் வினாத்தாளை மாற்றுங்கள்

தமிழ்நாட்டின் தன்னாட்சிக் கலை, அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

பாடத்திட்டத்தை முடிவுசெய்யும் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டங்களில் முதன்மைப் பாடத் தாள்களுக்கு அரை நாள் விவாதம் நடக்கும். வேலையிடத்தில் பேசவும் எழுதவும் பழகவும் கற்பிக்க வேண்டிய 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' தாளுக்கு வரும்போது எல்லோருக்கும் சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வந்துவிடும். இரண்டு கிரெடிட், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், போன ஆண்டுப் பாடத்திட்டமே தொடரட்டும் என்று முடிந்துவிடும். யாருக்கு வொர்க்லோட் குறைகிறதோ அவர் தலையில் அந்த வகுப்பு விழும். இந்தத் தாளைக் கற்பிப்பவர்களும், கல்லூரி முடித்து வருகிறவர்களை வேலைக்கு எடுத்துப் பழக்குபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை பாடத்திட்டத்தைப் பற்றியதைவிட வினாத்தாளைப் பற்றியது.

'தகவல் தொடர்பின் வகைகளை விளக்குக.' 'உடல்மொழியின் இன்றியமையாமை பற்றிக் கட்டுரை வரைக.' இப்படிக் கேட்டால் மாணவர் அதைத்தான் படிப்பார். 75க்கு 68 வாங்கியவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சப்ஜெக்ட் வரி இல்லாத மின்னஞ்சல் அனுப்புகிறார். அவர்மீது தவறில்லை, அவரை யாரும் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னதில்லை, மின்னஞ்சலின் இலக்கணத்தைத்தான் எழுதச் சொன்னார்கள்.

கேள்விதான் இப்படி என்றால், பாடமும் எல்லா இடத்திலும் சரியில்லை. பேச்சில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரல் 38, உடல்மொழி 55 என்று ஒரு கணக்கு பல வகுப்புகளில் பலகையில் ஏறுகிறது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒருவர் சொல்லும் சொல்லும் அவர் குரலும் முகமும் ஒன்றோடொன்று முரண்படும்போது, அவருடைய விருப்பு வெறுப்பை நாம் எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதுதான் அங்கே ஆராயப்பட்டது. உணர்ச்சியையோ மனப்பான்மையையோ பற்றிப் பேசாதபோது இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். சரக்கு எப்போது வரும் என்று சொல்வதற்கு இது உதவாது. இந்த எண்களை நம்பி வளர்கிற பிள்ளைகள், கை எங்கே இருக்க வேண்டும் என்ற கவலையில் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறார்கள்.

வேலையின் முதல் மூன்று மாதங்களில் புதியவர்கள் சறுக்குவதற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டாவது காரணம். முதல் காரணம், சொன்ன வேலையைச் சரியாக வாங்கிக்கொள்ளத் தெரியாதது. 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுது சார்' என்று சொல்ல ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம். எழுந்து கேள்வி கேட்பவர் வகுப்பைத் தாமதப்படுத்துபவர். அதே பழக்கம் அலுவலகத்துக்கும் வருகிறது. 'கோயம்புத்தூர் கிளையோட நிலுவைப் பட்டியலை எடுத்து அனுப்பிடுங்க' என்று மேலாளர் சொல்கிறார். எந்தத் தேதி வரைக்குமான நிலுவை? பாதி கட்டியவர்கள் சேர்த்தியா? எக்செலா, பிடிஎஃப்பா? யாருக்கு, எத்தனை மணிக்குள்? ஒன்றையும் கேட்காமல் இருக்கைக்குப் போய், நான்கு மணி நேரம் உழைத்து, வேறொரு பட்டியலைக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

இதைக் கற்பிப்பது எளிது. ஆசிரியர் ஒரு வேலையை 40 நொடியில் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே இரண்டு விவரங்களை, உதாரணமாக நேரத்தையும் வடிவத்தையும், விட்டுவிட வேண்டும். மாணவர் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, விடுபட்ட இரண்டையும் கேட்க வேண்டும். மதிப்பெண் கேள்விக்குத்தான். ஐந்தாறு முறை செய்தால் போதும், கேட்பது வெட்கமில்லை என்று வகுப்புக்குப் பிடிபட்டுவிடும். கூடவே, 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது நம்மூரில் சாதாரணக் கேள்வி, வெளிநாட்டு வாடிக்கையாளர் காதில் 'உங்கள்மேல் எனக்குச் சந்தேகம்' என்று விழக்கூடும் என்பதையும் சொல்லிவிடலாம்.

அடுத்தது, தாமதத்தை மறைப்பது. கல்லூரியில் ரெகார்டு நோட்டு முடியவில்லை என்று முன்கூட்டிச் சொல்பவருக்குத் திட்டு. கடைசி இரவில் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குபவருக்கு முழு மதிப்பெண். இந்தப் பாடத்தை மாணவர்கள் நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே வேலையில் சிக்கல் வந்தால் மாலை ஐந்தே முக்கால் வரை வாயைத் திறப்பதில்லை. மதியம் தெரிந்திருந்தால் மேலாளர் இன்னொருவரை உதவிக்கு விட்டிருப்பார், அல்லது வாடிக்கையாளரிடம் ஒரு நாள் கேட்டிருப்பார். மாலையில் தெரிந்தால் அவரால் கோபப்பட மட்டும்தான் முடியும். கொடுத்த நேரத்தில் பாதி போய், வேலையில் பாதி முடியவில்லை என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும். இதை விதியாகவே எழுதிக் கொடுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதும் பயிற்சிதான். 'சார், சின்ன இஷ்யூ, பாத்துட்டு இருக்கேன்' என்பதில் எந்தச் செய்தியும் இல்லை. 'மொத்தம் 400 பில்லில் 260 சரிபார்த்துவிட்டேன். மீதி 140இல் 35க்கு ஜிஎஸ்டி எண் விடுபட்டிருக்கிறது, வாடிக்கையாளரிடம் கேட்டால்தான் கிடைக்கும். மற்ற 105ஐ இன்று ஐந்து மணிக்குள் அனுப்பிவிடுகிறேன். நீங்கள் சரி என்றால் அந்த 35 பேருக்கும் நாளை காலை போன் செய்கிறேன்.' முடிந்தது எவ்வளவு, தடை எது, மீதி எப்போது, உங்களிடம் வேண்டுவது என்ன என்ற நான்கும் இதில் இருக்கின்றன. செவிலியர்கள் மருத்துவரை அழைக்கும்போது பின்பற்றும் எஸ்பார் முறையும் கிட்டத்தட்ட இதேதான்: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நான் கேட்பது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவ உலகத்துக்குப் பரவிய முறை அது. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுந்த மருத்துவருக்கு முப்பது நொடியில் விஷயம் விளங்க வேண்டும் என்ற கட்டாயத்துக்குப் பயன்படுவது பி.காம். மாணவருக்கும் பயன்படும்.

மின்னஞ்சலுக்கு வருவோம். நம் மாணவர்களின் மின்னஞ்சல் ஆறாம் வகுப்பு விடுப்புக் கடிதத்தின் நீட்சி. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' மனத்தில் பதிந்துவிட்டது. அதில் காரணம் முதலில் வரும், வேண்டுகோள் கடைசியில் வரும். அலுவலகத்தில் இது தலைகீழ். என்ன வேண்டும், எப்போதைக்கு வேண்டும் என்பது முதல் இரண்டு வரிகளில் இருக்க வேண்டும். காரணம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடிப்பவருக்கு அந்த 'நீட்ஃபுல்' எது என்று தெரிகிறதா என்று கேட்டுப்பாருங்கள். சப்ஜெக்ட் வரியில் 'ரிக்வெஸ்ட்' என்று மட்டும் எழுதுவது காலியாக விடுவதற்குச் சமம். இணைப்பை முதலில் சேர்த்து, முகவரியைக் கடைசியில் நிரப்பப் பழக்குங்கள். இணைப்பு இல்லாமல் போகும் அஞ்சல்களும் தவறானவருக்குப் போகும் அஞ்சல்களும் பெருமளவு குறையும். கோப்புக்கு 'ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைப்பதையும் அப்படியே நிறுத்திவிடலாம்.

இதையெல்லாம் முதல் வரைவில் தமிழில் எழுத விடுங்கள். சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற முடிவு மொழிக்கு முந்தியது. அதை ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே செய்யச் சொன்னால் இரண்டும் நடக்காது. தவிர, வேலையில் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. திருப்பூர் பின்னலாடை நிறுவனத்திலோ ஓசூர் தொழிற்சாலையிலோ புதிதாகச் சேரும் 21 வயதுக்காரர், இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளியிடம் வேலை வாங்க வேண்டும். அங்கே 'அண்ணே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க' என்று தொடங்குவதா, 'ஏன் இன்னும் முடிக்கலை?' என்று தொடங்குவதா என்பதில் அன்றைய உற்பத்தியே இருக்கிறது. மறுபுறம் ஐடி நிறுவனத்தில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். சார் என்றும் கூப்பிட முடியாமல், பெயர் சொல்லவும் நா எழாமல், முதல் மாதம் முழுவதும் 'எக்ஸ்கியூஸ் மீ' என்றே ஓட்டுகிற பிள்ளைகள் உண்டு.

பெயர் என்றதும் இன்னொன்று. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத, நம் மாணவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். நிறுவனத்தின் படிவம் 'லாஸ்ட் நேம்' இல்லாமல் நகராது. ஒருவர் அங்கே அப்பா பெயரை முழுதாக எழுதுவார், ஒருவர் ஒற்றை எழுத்தைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார். மதிப்பெண் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று. இந்த வேறுபாடு வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் கேஒய்சி சரிபார்ப்பின்போது மாட்டும். வேலை மாறிப் பணத்தை எடுக்கப் போகும்போது இன்னும் பெரிதாக மாட்டும். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் ஆவணங்களை அடுத்தடுத்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், திருத்தம் செய்ய ஆறு மாதம் கிடைக்கும்.

சுயவிவரக் குறிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். மதம், இரத்தப் பிரிவு, தந்தை தொழில், 'ஐ ஹியர்பை டிக்ளேர்' எல்லாம் வேண்டாம். 'மைசெல்ஃப்' என்று தொடங்கும் மனப்பாட அறிமுகத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வகுப்பில் 60 பேர், எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினாலே 120 நிமிடம். வகுப்போ 50 நிமிடம். மேடைக்கு ஒவ்வொருவராக அழைத்தால் 20 பேர் பேசுவார்கள், 40 பேர் போன் பார்ப்பார்கள். மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் வேலை சொல்வார், ஒருவர் கேட்பார், ஒருவர் நான்கு கேள்விகள் கொண்ட தாளில் குறிப்பார். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் 24 நிமிடத்தில் எல்லோரும் எல்லாப் பாத்திரமும் செய்திருப்பார்கள். இருபது குழுவும் ஒரே நேரத்தில் பேசுவதால் சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. எழுத்துப் பயிற்சியில் வாரம் பத்துப் பேருடையதை மட்டும் ஆசிரியர் திருத்தினால் போதும், மற்றதை மாணவர்கள் ஒருவருக்கொருவர் பார்க்கட்டும். மதிப்பெண்ணை இரண்டாம் வரைவுக்குக் கொடுங்கள். முதல் வரைவுக்குக் கொடுத்தால் திருத்தத்தை யாரும் படிப்பதில்லை.

பொறியியல் பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் இரண்டு பருவங்களிலும் 'ப்ரொஃபஷனல் இங்கிலீஷ்' தாளோடு ஆய்வக வகுப்பும் சேர்த்தே வைக்கப்பட்டது. உங்களிடமும் அந்த வழி இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளைக் காட்டி, 'அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் சில வாரங்களில் போய்விடுவார். பழக்கம் படிய மூன்று ஆண்டு உங்களிடம்தான் இருக்கிறது. ஆங்கிலத் துறையின் தலையில் மட்டும் கட்டுவதும் சரியல்ல. விலைப்பட்டியலில் தவறு என்று எழுதும் அஞ்சல் எப்படி இருக்கும் என்று வணிகவியல் துறைக்குத்தான் தெரியும்.

ஆகவே எங்கள் முன்மொழிவு: 100 மதிப்பெண்ணில் 40, பருவம் முழுவதும் எழுதிய எட்டு வரைவுகளின் தொகுப்புக்கு. 30, வெளித் தேர்வாளர் முன் ஐந்து நிமிட வாய்மொழிப் பணிக்கு. மீதி 30, ஒன்றரை மணி நேர எழுத்துத் தேர்வுக்கு. இதைச் சீராக மதிப்பிட முடியாது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் சொல்லக்கூடும். வேதியியல் செய்முறைத் தேர்வை எப்படி மதிப்பிடுகிறாரோ அப்படித்தான். 60 பேருக்கு ஐந்து நிமிடம் வீதம் ஐந்து மணி நேரம் ஆகும், ஒரு நாளில் முடிந்துவிடும்.

எழுத்துத் தேர்வுக்கு மாதிரியாக ஒரு வினா தருகிறோம்:

'நீங்கள் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. காலை 10 மணிக்கு மேலாளர் 80 கடைகளின் இருப்புக் கணக்கை மாலை 4 மணிக்குள் கேட்டார். இப்போது மணி 1. 30 கடைகள் முடிந்துள்ளன. 12 கடைகள் போனை எடுக்கவில்லை. மேலாளர் வெளியூரில் இருக்கிறார். அவருக்கு நீங்கள் இப்போது அனுப்பும் செய்தியை 60 சொற்களுக்குள் எழுதுக. (10 மதிப்பெண். சப்ஜெக்ட் வரிக்கு 2.)'

இப்படிக்கு,
கற்பிப்பவர்களும் ஆளெடுப்பவர்களுமாகச் சிலர்