பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது வண்ணார்பேட்டையில் தண்ணீரில் நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று. வடிந்ததும் சேறு கழுவி, சீட்டைக் கழற்றி வெயிலில் காயவைத்து, ஆயில் மாற்றி ஓட்டினோம், ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டில் இடது இண்டிகேட்டர் அம்பு மங்கலாக எரியும். பார்க்கிங் லைட் போட்டுக்கொண்டு மிதித்தால் இடது பின்விளக்கு அணைந்தே போகும். ஃப்யூஸ் ஒன்றும் போகவில்லை, கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனர் கருவியைப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் காட்டவில்லை. சின்ன விஷயம் என்று நானும் விட்டுவிட்டேன், அது என் தவறு. நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது நாங்குநேரி தாண்டி, இருட்டுகிற நேரம், ஒரு ஆடு குறுக்கே வர பிரேக்கை அழுத்தினேன். பின்னால் வந்த லாரி உரசாமல் போனது எங்கள் நல்ல நேரம். அந்த டிரைவர் இறங்கி வந்து, "இடது பக்கம் ஒதுங்குதீயன்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி, பிரேக் லைட்டு சரியா தெரியலயே" என்றார். காரில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள்.

அப்புறம் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைந்தேன். ஓர் இடத்தில் பேட்டரியை மாற்றினார்கள், இன்னோர் இடத்தில் பல்பு, பிரேக் சுவிட்ச் இரண்டையும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் மின்சாரம் போக வழி இருந்தால் 'பீப்' அடிக்கும் மீட்டரை வைத்து, சத்தம் கேட்டுவிட்டு எர்த் (விளக்குக்குப் போன மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) நன்றாக இருக்கிறது, வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

கடைசியில் மேலப்பாளையத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். கேட்ட முதல் கேள்வியே, "வெள்ளத்துல நின்ன வண்டியா?" மல்டிமீட்டரில் ஒரு முனையை நீள வயர் போட்டு பேட்டரி நெகட்டிவில் மாட்டினார், மறுமுனையை இடது பின்விளக்கின் எர்த்தில் வைத்துக்கொண்டு என்னை பிரேக் மிதிக்கச் சொன்னார். நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் சரியாக இருந்தால் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டுமாம், 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் இடது மூலையில் பாடியோடு எர்த் வயரைப் பிடித்திருக்கும் போல்ட் முழுக்கத் துரு, வயர் முனையில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, புது முனை போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அரை மணி நேரம், 200 ரூபாய்.

அவர் சொன்ன காரணம் இதுதான். பிரேக் பல்பு 21 வாட், பார்க்கிங் 5 வாட், பக்கத்தில் இண்டிகேட்டர், எல்லாவற்றுக்கும் திரும்பிப் போக ஒரே எர்த். அது அடைத்துக்கொண்டால் பிரேக்குக்கு வந்த மின்சாரம் பக்கத்து பல்புகளுக்குள் பின்புறமாக நுழைந்து, முன்பக்க விளக்குகளின் எர்த் வழியாகத் திரும்பும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கு எரிகிறது, எரிய வேண்டியது மங்குகிறது. மீட்டர் 'பீப்' அடிக்க ஒரு நூலளவு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும், விளக்கு எரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

நம் பக்கத்தில் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ இன்னும் ஓடுகின்றன. உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் வேலை செய்துகொண்டிருக்கும் மெக்கானிக்குகளுக்கு இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுக்க இரண்டு நாள் மாலை வகுப்பு வைக்க முடியாதா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மழைக்கு முன்னால் ஒரு நாள் இலவசமாக விளக்குப் பரிசோதனை வைத்தால் நான் உதவிக்கு வந்து நிற்கத் தயார்.

அதுவரை, வெள்ளம் பார்த்த வண்டி வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே பின்னால் ஓர் ஆளை நிறுத்தி, பார்க்கிங் லைட்டும் இண்டிகேட்டரும் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஒரு விளக்கு இன்னொன்றோடு சேர்ந்து மங்கினாலோ துடித்தாலோ, எதையும் மாற்றுவதற்கு முன்னால் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், வண்ணார்பேட்டை, திருநெல்வேலி