டோக்கெலாவ் சமோவாவில் இல்லை

ஆசிரியருக்கு,

பசிபிக் தீவுகள் பற்றிய கட்டுரையில் டோக்கெலாவைச் சமோவாவோடு சேர்த்திருக்கிறீர்கள். அது நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி. அடாஃபு, நுகுநோனு, ஃபகாஓஃபோ என மூன்றே பவளத்தீவுகள். விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து ஒரு நாளுக்கும் மேல் கப்பல் பயணம். அந்தக் கப்பலும் கரைக்கு வராது. பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும். ஆளும் சரக்கும் படகு மாறித்தான் இறங்க வேண்டும், அலை அடங்கினால்!

1889இல் பிரிட்டன் தன் பாதுகாப்பில் எடுத்தது. 1916இல் கில்பர்ட்-எல்லிஸ் காலனியோடு (இன்றைய கிரிபாட்டி, துவாலு) சேர்த்தது. 1926இல் நியூசிலாந்து பொறுப்பேற்று, சமோவாவில் இருந்த தன் நிர்வாகி வழியே ஆண்டது. குழப்பம் இங்கிருந்துதான் வந்திருக்கும். பழைய நான்காவது தீவு ஒலொஹெகாவை 1925லேயே அமெரிக்கா இணைத்துக்கொண்டது.

இன்னொன்று: 2007 தன்னாட்சி வாக்கெடுப்பில் மக்கள் ‘மறுத்ததாக’ எழுதியதும் சரியல்ல. 64 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். நிறைவேறத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு 16 வாக்குகள் குறைந்தன.