தாத்தாவின் ஜாவாவுக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

தாத்தாவின் ஜாவா ஓட ஆரம்பித்துவிட்ட சேதியை உங்களில் பலருக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நன்றியையும் அப்படித் தனித்தனியாகச் சொன்னால் லேத்தில் நடந்தது பெயிண்டர் அண்ணனுக்குத் தெரியாது, பெயிண்டர் பட்ட பாடு மெக்கானிக் ஐயாவுக்குத் தெரியாது, நீங்கள் எல்லாரும் ஒரே வண்டிக்குக் கை கொடுத்தவர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இது ஜாவா 250. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவிடம் உரிமம் வாங்கி மைசூரில் ஐடியல் ஜாவா 1960களில் செய்தது. 65 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), டூ ஸ்ட்ரோக் எஞ்சின், சிலிண்டர் ஒன்றுதான் ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர். கிக்கரும் கியர் லிவரும் ஒரே லிவர், அதை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், பழையபடி இறக்கினால் கியர். தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, அப்புறம் யாரும் தொடாமல் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்கில் நின்றது. பிஸ்டன் இறுகிப்போய் கிக்கர் அசையவே இல்லை. எனக்கோ அதுவரை ஸ்பேனர் பிடித்த பழக்கம் கிடையாது.

உங்கள் எல்லாரிடமும் நான் பார்த்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருமே என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் வேலை எப்போதோ முடிந்திருக்கும், உங்களுக்கும் நேரம் மிச்சம். பக்கத்தில் நின்று, நான் தடவித் தடவிச் செய்வதைப் பார்த்துக்கொண்டு, கை துறுதுறுக்கிறதை அடக்கிக்கொண்டு நின்றீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்த மடல்.

மெக்கானிக் ஐயாவிலிருந்து தொடங்குகிறேன். பட்டறையை மூடிவிட்டு ஓய்வாக இருக்கிறவர், எங்கள் வீடு வரை வந்தார். வந்தவர் வண்டியைத் தொடவே இல்லை. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பிளக்கைக் கழட்டி உள்ள டீசல் ஊத்தி வைம்மா. ஊறட்டும். அவசரப்பட்டு கிக்கர் மேல ஏறி நின்னா உள்ள எதாவது ஒடைஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் தினம் சாயங்காலம் டாப் கியரில் போட்டுவிட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பார்க்கச் சொன்னார், பலம் போடாமல். ஒன்றும் நடக்காத மாதிரியே இருந்தது. ஒரு நாள் சக்கரம் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. போன் பண்ணிச் சொன்னால், "சரி, இனிமே அதுவா வரும்" என்றார். வந்தது.

எஞ்சினைப் பிரித்தபோது அவர் கற்றுக்கொடுத்த ஒன்றை இன்னும் நினைத்து நினைத்து சந்தோஷப்படுகிறேன். பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடைக் கையில் பிடிக்கச் சொல்லி, "பக்கவாட்டுல ஆடினா பரவாயில்ல, அது ஆடணும். மேல கீழ ஆட்டிப் பாரு" என்றார். ஆட்டினேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டு என்றார். அப்போது விரலில் தட்டியது, சின்னதாக ஒரு டொக். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டம்தான் ராடின் கீழ்முனையில் இருக்கிற பிக் எண்ட் பேரிங் தேய்ந்துவிட்டதன் அடையாளம். அவரே ஆட்டிப் பார்த்து "போச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். என் விரலுக்குத் தெரிய வைத்துவிட்டுத்தான் போனார்.

கிராங்கின் இரண்டு பக்கமும் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீலைப் பற்றி அட்டைப்பெட்டியில் பென்சிலால் வரைந்து காட்டியதும் அவர்தான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் இருக்கிற கூடான கிராங்க் கேஸுக்குள் வந்துதான் மேலே போகிறது, அதனால் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். டைனமோ பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும், கலவை மெலிந்து சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது இறுகிவிடும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும், வெள்ளைப் புகையாக வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும். தேய்ந்த சீல் பார்ப்பதற்கு நல்ல சீல் மாதிரியேதான் இருக்கிறது. "எஞ்சினைப் பிரிச்சா சீலை மாத்தாம மூடாதே" என்று அவர் சொன்னதை அந்த அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

லேத் அண்ணனுக்கு அடுத்த நன்றி. கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, புது ராட் கிட் போட்டு, திரும்ப அழுத்திச் சேர்த்தபிறகு அதை நேராக்கும் வேலையை என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துச் செய்தார். நுண்ணிய கோணலை அளக்கும் டயல் கேஜின் முள் எப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும், அவர் செம்புச் சுத்தியலால் தட்டுவார். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த முள்ளைப் பார்த்துத்தான்.

போர் விஷயத்தில் அவர் பிடித்த பிடி அதைவிடப் பெரிது. இந்த வண்டிக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளாக வரும். எங்கள் சிலிண்டர் ஏற்கெனவே யாரோ 65.50 வரை போர் போட்டது, ஆகவே அடுத்தது 65.75. பிஸ்டன் தபாலில் வந்துகொண்டிருந்தது, சிலிண்டரை முன்னாடியே போர் போட்டு வைத்துவிடலாமே என்று கேட்டேன். மாட்டவே மாட்டேன் என்றார். பெட்டியில் எழுதியிருக்கிற அளவு ஒன்று, கையில் வருகிற பிஸ்டன் அளவு இன்னொன்றாக இருக்கும், பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டுத்தான் கட்டரையே ஓட்டுவேன் என்றார். வந்த பிஸ்டனை என்னையே அளக்க வைத்தார். போர் முடிந்ததும் சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளான போர்ட்களின் ஓரங்களை ஒவ்வொன்றாகக் கையால் லேசாக மழுக்கிக் கொடுத்தார், இல்லாவிட்டால் ரிங் அந்தக் கூர்மையில் மாட்டி உடையும். கேட்டு வாங்கிய வேலை இல்லை அது. அவராகச் செய்தது.

பெட்ரோல் டேங்க். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் முழுக்கத் துரு. இதற்கு வழி சொன்னது வேதியியல் ஆசிரியை அக்கா. சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து டேங்க்கில் நிரப்பி, ஓர் இரும்புக் கம்பியை டேங்க்கைத் தொடாமல் வாய்வழியே தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்க்கிலும் பாசிட்டிவைக் கம்பியிலும் கொடுக்க வேண்டும். துரு தளர்ந்து கறுப்பாக வண்டலாகிவிடும், நல்ல இரும்புக்குச் சேதம் இல்லை. அக்கா இரண்டு எச்சரிக்கைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: கம்பி வெறும் இரும்பாக இருக்க வேண்டும், எவர்சில்வர் கூடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைந்து வரும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் வெட்டவெளியில் வைத்து, பக்கத்தில் நெருப்பே இல்லாமல் செய்ய வேண்டும். அதோடு பெட்ரோல் வாடை துளிகூட இல்லாமல் டேங்க்கைக் கழுவி முடித்த பிறகுதான் வயரையே கொடுக்க விட்டார். பழைய டேங்க் வைத்திருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

பெயிண்டர் அண்ணன் முதலில் கேட்டது "முழங்கால் ரப்பரைக் கழட்டியாச்சா?" என்பதுதான். டேங்க்கின் இரண்டு பக்கமும் இருக்கிற அந்த ரப்பருக்கு அடியில் வெயில் படாத ஒரு கைப்பிடி அளவு பெயிண்ட் பழைய மெரூன் நிறத்திலேயே இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்து செங்கல் நிறமாகிவிட்டதால் அதுதான் வண்டி நிறம் என்றே நான் வளர்ந்திருந்தேன். அந்தக் கைப்பிடி இடத்தை வைத்துத்தான் நிறத்தைக் கலந்தார். தங்கக் கோட்டை ஸ்டிக்கர் ஒட்டாமல், நீள மயிர்த் தூரிகையால் மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் போட்டார். அதை மட்டும் நான் செய்ய முடியாது, பார்க்கத்தான் முடியும். நல்ல கை அது அண்ணே. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்குப் பெரிய கொடுப்பினை.

வயரிங்கைப் பார்த்துக்கொடுத்த எலக்ட்ரீஷியன் மாமாவும் பெயிண்டர் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டு பேருக்கும் என் மூலமாக ஒரு பஞ்சாயத்து நடந்தது. வண்டி 6 வோல்ட். 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் ஓட வேண்டும்; அதனால் எர்த் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் விளக்கு மங்கிவிடும். ஃபிரேமில் எர்த் பிடிக்கிற இடத்தில் பெயிண்ட் இருக்கவே கூடாது, சுரண்டு என்றார் மாமா. பளபளவென்று அடித்து வந்த ஃபிரேமில் உப்புத்தாளை வைக்க எனக்குக் கை வரவில்லை. போனில் புலம்பியதைக் கேட்டு மறுநாள் பெயிண்டர் அண்ணனே வந்து, சுற்றிலும் டேப் ஒட்டி, ஒரு ரூபாய் வட்டத்துக்கு இரும்பு தெரியும்படி சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா, அந்தச் சுத்தமான வட்டம் அவர் கைவேலை.

முகம் பார்க்காதவர்கள் சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மைசூர் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்ட பிறகு இந்த வண்டிகளைத் தாங்கிப் பிடிப்பது பழைய பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள்தான். பாகங்களின் படப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியவரே, கியர்பாக்ஸ் வாஷர் எதற்கு அப்புறம் எது என்று உங்கள் பக்கங்களை வைத்துத்தான் அடுக்கினேன், ஓரத்தில் நீங்கள் பேனாவால் எழுதியிருந்த குறிப்புகள் அச்சில் இருப்பதைவிட உதவின. கடையில் வாங்கிய சீல் அளவு மாறி வந்து, விற்றவர் போனே எடுக்காமல் போனபோது, தன் வண்டிக்கு எடுத்து வைத்திருந்த சீல் செட்டை அப்படியே அனுப்பிவைத்தவர் ஒருவர். உங்களுக்குப் புது செட் அனுப்பிவிட்டேன், வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள்.

அம்மா, கழட்டின ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு எந்த இடம் என்று எழுதி ஒட்டியது நீதான். தம்பி, வயர் ஒவ்வொன்றையும் கழட்டுவதற்கு முன் படம் எடுத்து வைத்தாய். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நன்றி, முதல் நாள் புகை உங்கள் துணிக்கொடி வரை வந்தது எனக்குத் தெரியும்.

அப்பாவைப் பற்றி எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே கடைசிக்குத் தள்ளிவிட்டேன். வேலை நடந்த நாளெல்லாம் அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கேட்டால் ஒழியப் பேசமாட்டார். டைமிங் (பிளக்கில் பொறி வரவேண்டிய கணம்) வைத்த அன்றைக்கு, திறக்கும்போது அந்தப் பொறியை வரவைக்கிற பாயிண்டின் இடைவெளியை 0.4 மி.மீ. ஃபீலர் கேஜில் வைத்தேன், பாயிண்ட் திறக்கிற கணத்தைப் பிடிக்கத்தான் வரவில்லை. அப்பா எழுந்து வந்து மெல்லிய காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தார். பாயிண்டுக்கு நடுவில் அதை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே கிராங்கைச் சுற்றணும், காகிதம் நழுவுகிற இடம்தான் திறக்கிற இடம் என்றார். தாத்தா அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாம். கிளப்பினதும் ஐடிலிங் நின்று நின்று வந்தது, நான் கார்புரேட்டர் பக்கம் போனேன். அப்பா அசையாமல் கேட்டுவிட்டு, "ரெண்டு சைலன்சர்லயும் ஒரே சத்தம் வரல, இடது பக்கம் நட்டு லூசு" என்றார். நட்டு லூசாகத்தான் இருந்தது.

இப்போது லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்து ரன்னிங்-இன், அதாவது புதுப் பாகங்கள் பழகுவதற்கான மெதுவான ஓட்டம், போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள் இன்னும் படுத்தே கிடக்கிறது, கேபிள் கிடைத்தால் சொல்லுங்கள். கிராங்க் கேஸ் ஸ்க்ரூக்களைக் கழட்ட இம்பாக்ட் டிரைவர் (சுத்தியலால் தட்டித் திருப்புகிற ஸ்க்ரூ டிரைவர்) தந்த நண்பருக்கு: துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியில் கொண்டுவந்து தருகிறேன். போர் இன்னும் செட் ஆகவில்லை, விரட்ட முடியாது, அதனால் மதியம் ஆகிவிட்டால் தேடாதீர்கள்.