சனிக்கிழமை பிள்ளைகளே நடத்தும் கூட்டம்

பெற்றோருக்கு வணக்கம். 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 12.30 வரை, பள்ளி அரங்கில் 'ஓப்பன் ஸ்பேஸ்' கூட்டம்.

அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் 1985இல் தொடங்கிய கூட்ட முறை இது. பேச்சாளர் கிடையாது, நிகழ்ச்சி நிரலும் முன்கூட்டியே கிடையாது. எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். பேச நினைப்பதை ஒரு தாளில் எழுதி, எழுந்து வாசித்து, சுவரில் உள்ள நேர அட்டவணையில் ஒட்டுபவர்தான் அந்த அமர்வை நடத்த வேண்டும். ஒரு குழுவில் கற்கவும் இல்லை, சொல்லவும் இல்லை என்றால் எழுந்து வேறு குழுவுக்குப் போகலாம், அது மரியாதைக் குறைவே இல்லை (பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடித்துவிடும், நமக்குத்தான் கஷ்டம்).

1. தலைப்பு சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். நாம் நினைப்பதை அவர்கள் எழுதாமல் போகலாம், போகட்டும்.

2. நாற்காலி போட, தாள் ஒட்ட 4 பெற்றோர் தேவை. முதலில் யாருமே எழுந்திருக்காமல் அரங்கம் அமைதியாக இருக்கும், அப்போதும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது!

3. வருகிறவர்கள் பிள்ளையின் பெயர், வகுப்பை வியாழன் இரவுக்குள் இந்தப் பெற்றோர் குழுவிலேயே பதிவிடுங்கள். விருப்பம் இல்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

4. அப்புறம், அமர்வுக் குறிப்புகளைப் பிள்ளைகள் சம்மதித்தால் மட்டுமே இந்தப் பெற்றோர் குழுவில் போடுவோம்.