நார்த் பிரபு கேபினட்டையும் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க சுதந்திரப் போர் பத்தி ஞாயிறு இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா பிரிட்டன் தோத்ததுக்கு வாஷிங்டனும் பிரெஞ்சு கப்பல்களும் மட்டும்தான் காரணம்ங்கிற மாதிரி முடிச்சுட்டாங்க. லண்டன்ல கேபினட்டே ஒத்துமையா இல்லியே, பிரதமர் நார்த் பிரபு என்னை விட்ருங்கன்னு எத்தனையோ தடவை கேட்டும் ராஜா மூன்றாம் ஜார்ஜ் விடல, 1781 அக்டோபர்ல அமெரிக்காவுல யார்க்டவுன்ல பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைஞ்ச பிறகும் ராஜா இறங்கி வரல, கடைசில 1782 பிப்ரவரில பார்லிமென்ட்டோட காமன்ஸ் சபைல போருக்கு எதிரா 234, ஆதரவா 215னு ஓட்டு விழுந்து அடுத்த மாசமே நார்த் ராஜினாமா.

ஹிஸ்டரி டீச்சரா இருந்தப்போ பசங்க என்கிட்ட அதிகம் கேட்டதே ராஜா ஏன் முன்னாடியே நிறுத்தலன்னு தான், பாடப்புத்தகத்துல அதுக்கு ஒரு வரி கிடையாது. அந்த பார்லிமென்ட் விவாதங்களை வச்சு ஒரு தனிக் கட்டுரை போடுங்க சார்.