பழைய சின்னக் காரில் பாட்டு: வாட்டைப் பார்க்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிறிய கார்களில் குறைந்த செலவில் மியூசிக் சிஸ்டம் பொருத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த செட், எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. பழைய காரில் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் செட்டால் அல்ல. கரண்ட் எங்கிருந்து எடுக்கிறோம், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப காரின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) எங்கே கொடுக்கிறோம், ஸ்பீக்கரை எதில் உட்கார வைக்கிறோம் என்பதில்தான் கெடுகிறது. கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் அதில் பாதியை இந்த மூன்றுக்கும் ஒதுக்குவது நல்லது.

முதலில் அந்த வாட் கணக்கு. அட்டைப் பெட்டியில் ‘4 x 50 வாட்’ என்று போட்டிருப்பார்கள். 14.4 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்கு முழுதாகத் திறந்துவிட்டால் கணக்குப்படி சுமார் 52 வாட் வரும். பெட்டியில் இருக்கும் எண் அதுதான். அந்த நிலையில் வருவது பாட்டல்ல, கரகரப்பு. ஒலி உடையாமல் ஒரு சேனலுக்குக் கிடைப்பது 18 முதல் 20 வாட். சின்னக் காரின் உள்ளே அதுவே தாராளம். ஆகவே 50 வாட் செட்டா, 60 வாட் செட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து, காரால் எவ்வளவு கொடுக்க முடியும்? பழைய சிறிய கார்கள் பலவற்றில் வந்த லூக்காஸ் நிறுவனத்தின் சி40/1 டைனமோ (இன்ஜின் சுழற்றிக் கரண்ட் எடுக்கும் பழைய ஜெனரேட்டர்) தரும் உச்சமே 22 ஆம்பியர். ஹெட்லைட்டும் பின் விளக்குகளும் 9, 10 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். இக்னிஷன், வைப்பர், ஹீட்டர் விசிறி எல்லாம் சேர்ந்தால் மீதி சொற்பம். ஐடிலிங்கில் டைனமோ அநேகமாக எதுவும் தராது. எல்லாம் பேட்டரியிலிருந்தே போகும். சாதாரண செட் மிதமான சத்தத்தில் 2, 3 ஆம்பியரோடு நிற்கும் என்பதால் சிக்கல் இல்லை. 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட தனி ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) இதன் தலையில் கட்டினால், மழை பெய்யும் இரவில் விளக்கு மங்கும், காலையில் ஸ்டார்ட்டர் சுற்றாது. கட்டுரை சப்வூஃபரைப் பரிந்துரைத்தது. டைனமோவை எடுத்துவிட்டு, கூடுதல் கரண்ட் தரும் புதிய வகை ஆல்டர்னேட்டரை வைக்காத காருக்கு அது வேண்டாம்.

செட்டைத் தொடும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 1960-களின் இறுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில், மினி உட்பட, பிளஸ் முனைதான் எர்த். இன்றைய செட்டின் உலோக உறையும் ஏரியல் பிளக்கின் வெளிச்சுற்றும் உள்ளே மைனஸோடு சேர்ந்திருக்கும். அதை பிளஸ் எர்த் காரின் டேஷ்போர்டில் திருகினால் நேரடி ஷார்ட். வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்பது போதாது. ஏரியலைச் சொருகும் நொடியில் புகை வரும். வழி இரண்டு. உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட டிசி கன்வெர்ட்டர் வைத்து, செட்டின் உறை பாடியில் படாமல் பொருத்துவது ஒன்று. அப்போது சாதாரண ஏரியலும் கூடாது, புளூடூத்தோடு நிற்க வேண்டியதுதான். காரையே மைனஸ் எர்த்துக்கு மாற்றுவது மற்றொன்று. பேட்டரி இணைப்பைத் திருப்பிவிட்டு, டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனை வயரைக் கழற்றி, அந்த முனையில் பேட்டரி பிளஸ்ஸை ஓரிரு முறை நொடிப்பொழுது தொட்டு எடுத்தால் அதன் காந்தப்புலம் திரும்பும். இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் அம்மீட்டர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் அதற்குத் தனி வேலை உண்டு. பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற 6 வோல்ட் காராக இருந்தால் 12 வோல்ட்டாக உயர்த்தும் கன்வெர்ட்டர் வேண்டும். செட் 3 ஆம்பியர் கேட்டால் பேட்டரியிலிருந்து 6 ஆம்பியருக்கு மேல் போகும் என்பதைக் கணக்கில் வைத்து வயர் போட வேண்டும்.

இனி வயரிங். செட்டின் மஞ்சள் வயர் நிரந்தர பிளஸ், சிவப்பு சாவி வழி பிளஸ், கறுப்பு எர்த். மஞ்சளை சிகரெட் லைட்டரிலோ பழைய ஃபியூஸ் பெட்டியிலோ கோத்துவிடச் சொல்கிறது கட்டுரை. மினி போன்ற கார்களின் ஃபியூஸ் பெட்டியில் இருப்பதே இரண்டு ஃபியூஸ்தான், அவற்றின் மேல் ஏற்கெனவே பாரம் அதிகம். போதாததற்கு, பழைய லூக்காஸ் கண்ணாடி ஃபியூஸில் ‘35’ என்றிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17.5 ஆம்பியர்தான். தெரியாமல் இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் முதலில் உருகுவது வயர்.

ஆகவே பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டர். டிக்கியில் பேட்டரி இருக்கும் காரில் ஃபியூஸும் டிக்கியில்தான் இருக்க வேண்டும், டேஷ்போர்டுக்குக் கீழே அல்ல. நடுவில் வயர் நசுங்கினால் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. தகரத்தைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் கிராமெட் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கோடை வெயிலில் பிசின் இளகி அவிழும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவது ஐந்து நிமிட வேலை. கறுப்பு வயருக்கும் அதே பருமன், பெயின்டைச் சுரண்டிய பாடி போல்ட்டில் லக் வைத்து முறுக்க வேண்டும். டேஷ்போர்டின் ஸ்க்ரூவை நம்ப வேண்டாம்.

சிவப்பு வயரில்தான் பலர் கவனிக்காத ஆபத்து இருக்கிறது. பழைய கார்களின் சாவியில் பல நேரம் ஆக்ஸசரி நிலையே கிடையாது. சிவப்பை இக்னிஷனில் இணைத்துவிட்டு, வண்டியை நிறுத்திப் பாட்டுக் கேட்க சாவியை ஆன் செய்து வைத்தால், சி.பி. பாயின்ட் (ஸ்பார்க்குக்காகக் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் தொடர்பு முனை) மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் 3, 4 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும். அரை மணி நேரத்தில் காயில் தொட முடியாத சூடாகும், பாயின்ட் கருகும். அடுத்த நாள் வண்டி திணறினால் கார்புரேட்டரைத்தான் குறை சொல்வார்கள். இதற்குத் தீர்வு, சிவப்பு வயருக்கு அந்த மஞ்சள் லைனிலிருந்தே ஒரு சின்ன டாகிள் சுவிட்ச் வழியாகக் கரண்ட் கொடுப்பது. மஞ்சளின் நினைவகம் சில மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 10 மில்லிஆம்பியர் என்றால் மாதத்துக்கு 7.2 ஆம்பியர்-மணி. வாரக் கணக்கில் நிற்கும் காருக்கு பேட்டரியை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

ஸ்பீக்கர் வயரில் ஒரே ஒரு விதி: எந்த முனையும் பாடியில் படக் கூடாது. பழைய ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு கால் பாடியிலேயே எர்த் ஆகியிருக்கும். இன்றைய செட்டில் இரண்டு முனையிலும் பாதி வோல்டேஜ் நிற்கும். ஒன்றை எர்த் செய்தால் செட் ‘புரொடெக்ட்’ என்று காட்டி நிற்கும், இல்லையேல் ஐ.சி. போய்விடும். பழைய ஸ்பீக்கர் வயரை அப்படியே பயன்படுத்தாமல் புதிதாக 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் ஜோடி வயர் இழுங்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். பயன்படுத்தாத பின் ஜோடிகளின் நுனியைத் தனித்தனியாக மூடிவிடுங்கள்.

என் கருத்தில் சின்னக் காருக்கு முன்னால் இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். நான்கு மலிவு ஸ்பீக்கர் வாங்கும் காசில் இரண்டு உருப்படியானதை வாங்கலாம். அளவு எடுக்கும்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, டோர் பேடுக்குப் பின்னால் கண்ணாடி வரை எவ்வளவு இடம் என்று பாருங்கள். 4 அங்குல ஸ்பீக்கருக்கே 40 முதல் 50 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். இடம் போதாவிட்டால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வளையம் வெட்டிப் பெயின்ட் அடித்து ஸ்பீக்கரை வெளியே தள்ளலாம். எம்.டி.எஃப். பலகை வேண்டாம், கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரில் உப்பிவிடும்.

பாஸ் (தாழ்ந்த ஒலி) வரவில்லை என்று வரும் புகார்களில் பாதி ஸ்பீக்கரின் குறை அல்ல. கூம்பின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்தித்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். வளைந்துபோன ஹார்ட்போர்டு டோர் பேடில் வெறும் நான்கு ஸ்க்ரூவால் மாட்டினால் இதுதான் நடக்கும். வளையத்தைக் கதவின் உள் தகரத்தில் போல்ட் செய்து, ஓரம் முழுக்க ஃபோம் ஒட்டி, பெரிய துளைகளை மூடுங்கள். தண்ணீர் வடியும் கீழ்த் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். கதவின் வெளித் தகரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் ஒட்டினாலே தகர அதிர்வு அடங்கும். பிறகு 1.5 வோல்ட் பேட்டரியை, செட்டில் இணைக்காத ஸ்பீக்கர் வயரில் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாகத் தொடுங்கள். இரண்டு கூம்பும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது, பாஸ் காணாமல் போனதற்கு அதுவும் காரணம். 4 அங்குலத்துக்கு செட்டின் ஹை பாஸ் ஃபில்டரை (அதற்குக் கீழான தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் அமைப்பு) 100 ஹெர்ட்ஸிலோ கொஞ்சம் மேலேயோ வைத்தால் உடையாமல் சத்தம் கூடுதலாகக் கிடைக்கும்.

செட்டுக்காக டேஷ்போர்டை வெட்டச் சொன்ன வரி வருத்தமளித்தது. செட்டுக்கு வேண்டிய துளை 182 x 53 மில்லிமீட்டர். பழைய இரண்டு குமிழ் ரேடியோவின் துளை அதற்குப் பொருந்தாது. வெட்டிய தகரத்தை யாரும் திரும்ப ஒட்டித் தருவதில்லை. டேஷுக்குக் கீழே தொங்கும் பெட்டியிலோ கிளவ் பாக்ஸிலோ வைக்கலாம். சி.டி. பகுதி இல்லாத, ஆழம் குறைந்த செட் வாங்கினால் பின்னால் ஹீட்டர் குழாயிலும் வைப்பர் கேபிளிலும் இடிக்காது.

எல்லாம் முடிந்து இன்ஜினைப் போட்டால் இரைச்சல் கேட்கிறதா? ஏரியலைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது ஏரியல் வழியே வருகிறது: ஏரியல் அடியில் பெயின்டைச் சுரண்டி எர்த் சரிசெய்யுங்கள், செம்புக் கம்பி பிளக் வயர் இருந்தால் ரெசிஸ்டர் வகைக்கு மாற்றுங்கள். நிற்காவிட்டால் கரண்ட் லைன் வழியே வருகிறது. படபடவென்று வந்தால் காயிலுக்கு சாவியிலிருந்து கரண்ட் வரும் முனையில் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போடலாம், சி.பி. பாயின்ட் பக்கம் போட்டால் ஸ்பார்க் கெடும். வேகத்தோடு ஏறும் ஊளை என்றால் அதே கண்டென்சரை டைனமோவின் டி முனையில் (கரண்ட் வெளியே வரும் பெரிய முனை) போடுங்கள், எஃப் முனையில் ஒருபோதும் கூடாது, ரெகுலேட்டர் போய்விடும். போன் சார்ஜரைச் சொருகும்போது மட்டும் வந்தால் குற்றம் சார்ஜருடையது.

கடைசியாக, சத்தத்தை ஏற்றிவைத்து செட்டின் பின்னால் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரி முனையில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் முதலில் எர்த் போல்ட்டையும், அடுத்து ஃபியூஸ் ஹோல்டர் சுடுகிறதா என்பதையும் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் வயரிங் வேலை செய்யும் வாசகர்